சாக்கை உதறிய பசு

ஆண்டவரின் பிள்ளைகளே, நான் ஆரோக்கியமேரி. கெடார் பக்கம் ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைக்கிறவள். நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன மழைக்காலத்தில் மாடுகளுக்கு அம்மை வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கும். கொசுவும் ஈயும் கடித்துப் பரப்புகிற நோய். என் ரோஸி நிறைசினை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் வீட்டு அடுப்பு எரிவதே அவளால்தான். அவளும் போய்விட்டால்? அழாத நாளில்லை.

மாட்டு டாக்டர் வந்து ரோஸிக்கு ஊசி போட்டார். "இது வேலை செய்ய நாளாவும்மா. அதுவரைக்கும் சாணிக்குழிய மூடுங்க, பொகை போடுங்க, மாட்ட வெளிய ஓட்டாதீங்க" என்றார்.

எங்கள் ஊர் மேதாவிகள் கேட்பார்களா? ஊசி போட்டால் பால் வற்றிவிடுமாம்! எதிர்வீட்டுச் சூசை, பங்குக் கோயிலில் பெரிய மனிதர், ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை ஊர் மாடுகளையெல்லாம் அந்தோணியார் கோயில் முன்னால் ஒன்றாக நிறுத்தித் தீர்த்தம் தெளிப்பதாம். கொசுவுக்குப் பந்தி விரிக்க இதைவிட நல்ல யோசனை உண்டா?

மாடுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டாம் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"இன்னாம்மா, அந்தோணியார் மேல நம்பிக்க இல்லாம பேசிக்கினு கீற?"

"அவர் மேல இருக்குதுண்ணே. உங்க புத்தி மேலதான் இல்ல. ஆமா, உங்க மாட்டு மேல ஏன் சாக்கு?"

"குளுருது."

நல்ல வெயிலில் மாட்டுக்குக் குளிர்கிறதாம். புரிந்துவிட்டது. ஊரில் யாரிடம் சொல்லியும் எடுபடவில்லை. கோயிலில் முழங்காலிட்டேன். "அந்தோணியாரே, காணாமல் போனதைக் காட்டிக்கொடுக்கிறவரே, மறைத்து வைத்ததையும் காட்டிக்கொடும்" என்று கதறினேன்.

செவ்வாய்க்கிழமை ரோஸியைக் கட்டிவிட்டு நான் மட்டும் போனேன். சூசைதான் முதல் ஆளாக மாட்டை ஓட்டிவந்தார். மற்ற மாடுகள் தெருமுனையில் வந்துகொண்டிருந்தன. சூசையின் பசு நேரே கொடிமரத்துக்குப் போய் அரிப்புத் தாளாமல் உடம்பைத் தேய்த்தது. சாக்கு விழுந்தது. கழுத்திலிருந்து தொடைவரை கட்டி.

"ஐயோ, அம்ம மாடுடா! ஜல்தி திருப்பு!" என்று பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்.

தெருவே காலியானது. பங்குச் சாமியார் தீர்த்தத்தைக் கையில் பிடித்தபடி, "வீடு வீடா நானே வந்து மந்திரிக்கிறேன்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மறுநாளே டாக்டரை வரவழைத்து, வரிசையில் நின்று வீட்டுக்குக் கூட்டிப்போய் மாடுகளுக்கு ஊசி போடவைத்தார்கள். ரோஸி ஒரு கட்டியும் இல்லாமல் கிடேரிக் கன்று போட்டாள். அந்தோணியாரே, உமக்கு நன்றி. சூசையின் பசுவும் மருந்தில் தேறிவிட்டது. சாட்சி சொன்ன அந்த வாயில்லா ஜீவன் மேல் மட்டும் எனக்கு மரியாதை. இப்போது தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டேதான் கொட்டகைக்குப் புகை போடுகிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், நிச்சயம் கிடைக்கும். ஆனால் மாட்டை வீட்டிலேயே கட்டிவிட்டு வந்து முழங்காலிடுங்கள்.