மதுரை பஸ்ஸில் ஓர் இயந்திரக் கை

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரி ரோபோ பாடத்துக்காக, மாணவர்கள் நாங்களே ஓர் இயந்திரக் கை செய்தோம். அருப்புக்கோட்டைப் பட்டறையில் பற்றவைத்த அதை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் போனேன்.

பக்கத்து வரிசைப் பெண்ணுக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“எனக்கு மில்லுல போச்சு தம்பி. இது ஒடைஞ்சா என்ன செய்வீக?” என்று என் மடியிலிருந்த கையைக் காட்டிக் கேட்டார்.

“வேற செஞ்சு மாட்டிருவோம்க்கா.”

“அங்கயும் அப்பிடித்தான். நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே அந்த மிசின்ல என் தங்கச்சிய நிப்பாட்டிட்டாக.”

“அவுகள அனுப்பாதீங்கக்கா.”

“பெறகு யாரு சோறு போடுவா?” என்று கேட்டுவிட்டுக் காரியாபட்டியில் இறங்கிப் போனார்.

வகுப்பில் எங்கள் கை நன்றாகவே வேலை செய்தது. நான் மட்டும், முகம் தெரியாத அந்தத் தங்கையை நினைத்துக்கொண்டு நின்றேன்.