கால் ஆம்பியர்

நைனாவுக்கு ஆம்பியர் பைத்தியம் பிடித்தது கிணற்றுக்கு மோட்டார் வந்த வருஷம். லைன்மேன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: கம்பியில் ஓடுகிற அளவு ஆம்பியர், அதைத் தள்ளுகிற அழுத்தம் வோல்ட், இரண்டையும் பெருக்கினால் வாட். மூன்று கம்பி மோட்டாருக்கு மட்டும் ஒரு குதிரைச் சக்திக்கு ஒன்றரை ஆம்பியர் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது ஐந்து குதிரைச் சக்தி. "ஏழரை ஆம்பியர் இழுக்குது" என்பதைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போக முடியாது.

வீட்டுக்குக் கரண்ட் இல்லை. எல்லை பிரித்தபோது அம்மாவின் தாய்வீடு திருத்தணியோடு மதராஸ் பக்கம் போயிற்று; நாங்கள் ஆந்திராவில் நின்றோம். பக்கத்திலிருந்து வரவேண்டிய கரண்ட் எங்கேயோ சுற்றி வளைத்து, கிணறுகளுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. அதை வீட்டுக்கு இழுத்தால் லைனைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆனால் மோட்டார் ரூமில் ஒரு அறுபது வாட் பல்பு உண்டு. பகலெல்லாம் கழனியில் கிடந்த அம்மா, பொழுது சாய்ந்ததும் அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து, மாமா திருத்தணியிலிருந்து கொண்டுவரும் வாரப் பத்திரிகைகளைப் படிப்பாள். தாய்வீட்டிலிருந்து அவளுக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடியது. வோல்ட் இறங்கிவிட்டது. எங்கள் மோட்டார் முனகியது. தண்ணீர் நூலாக வந்தது. நைனா கரும்பைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், கடைசியில் பல்பைப் பார்த்தார்.

"இதுதாம்மே கரண்ட துன்னுது."

"நைனா, அறுபத இருநூத்தி முப்பதால வகுத்தா கால் ஆம்பியர்தான் வருது" என்றேன். அவரே சொல்லிக்கொடுத்த கணக்கு.

"அந்தக் கால்தான் கொறையுது" என்றார்.

துண்டால் பிடித்துப் பல்பைக் கழற்றினார். தண்ணீர் அதே நூலாகத்தான் வந்தது. அவரும் பார்த்தார். ஆனால் பல்பு திரும்ப ஏறவில்லை. நைனாவின் வீம்பு அப்படி.

அம்மா சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. சிமினி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, புகைக்குக் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். வருஷக்கணக்கில் படித்தாள். பிறகு எழுத்து கலைகிறது என்றாள். வேலூருக்கு அழைத்துப்போனபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். புகையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. முதல் பல்பை நைனா அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டச் சொன்னார். அறுபது வேண்டாம், நூறு வாட் என்று சொல்லி, தானே புத்தூருக்குப் போய் வாங்கி வந்திருந்தார். சுவிட்சையும் அவரே போட்டார். வீடு பளிச்சென்றது, உத்தரத்து ஒட்டடைகூடத் தெரிந்தது.

நைனா கட்டிலருகே போய், யாரும் கேட்காமலே கணக்குச் சொன்னார்.

"நூறு வாட்டும்மே. அர ஆம்பியர் கிட்ட வரும்."

அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"போட்டுட்டியாய்யா?" என்றாள். "எரியுதா?"