காது குத்த ஒரு மடி

இன்னிக்கு பக்கத்து வூட்டு ஜெயா பொண்ணுக்குக் காதுகுத்து. ஜெயா சிலோன்காரி. புழல் முகாம்லேர்ந்து எங்க தெருவுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆவுது.

ஆசாரி, "தாய்மாமன் மடி எங்கம்மா?"ன்னாரு.

ஜெயா என்னிய பாத்துச்சு. "அண்ணன் கனடாவில அக்கா. வீடியோவில நிக்கிறார். மடிக்கு நான் எங்க போறது?"

எதிர்வூட்டு பர்மா பெருமாள் சிரிச்சான். "அகதிக்கு இதெல்லாம் ஒரு கேடா?"

"உங்கப்பன் ரங்கூன்லேர்ந்து இன்னா டூரா வந்தாரு நைனா? மூடிகினு குந்து"ன்னேன்.

குந்திட்டான். புள்ளய தூக்கி அவன் மடியில வெச்சேன். புள்ள கத்துன கத்துல அவனுக்கு கண்ணும் நனைஞ்சுது, வேட்டியும் நனைஞ்சுது.

இப்ப தெரு முழுக்க "எம் மருமவ, எம் மருமவ"ன்னு பீத்திகினு திரியுறான்.

வயசுக்கு வந்தா தாய்மாமன் சீர் இன்னா இன்னான்னு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்கப்பா. அவன்கிட்ட படிச்சுக் காட்டணும்.