காட்டு வாத்து ஆட்டம்

தரை துடைக்கும் மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கைகளைக் காற்சட்டையில் துடைத்தபடி, என்னோடு வேலை செய்த அண்ணை ஆட்ட வரிசைக்குப் போன பின்னேரம் நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்திரேலியாவில், லிட்கம் என்ற ஊரில் ஒரு மண்டபத்தை நாங்கள் இருவரும் துப்புரவு செய்தோம். வியாழக்கிழமைகளில் வயதான வெள்ளைக்காரர்கள் அங்கே நாட்டுப்புற ஆட்டம் ஆடுவார்கள். அன்று ஓர் ஆள் குறைந்ததால் அவரைக் கூப்பிட்டார்கள். ஆட்டத்தின் பெயர் காட்டு வாத்து. குளிருக்குத் தேசம் விட்டுத் தேசம் பறக்கும் வாத்து அது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் வராதாம். இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். முதல் சோடி கைகோத்து நடுவால் ஓடிக் கடைசியில் போய் நிற்க, அடுத்த சோடி முன்னுக்கு வரும். முன்னால் பறக்கும் வாத்து களைத்தால் அப்படித்தான் பின்னுக்குப் போகுமாம். அதன்பிறகு அண்ணை ஒரு வியாழனும் தவறவிடவில்லை.

மன்னாரில் அவருடைய மனைவி பதினொரு வருடம் விசாவுக்குக் காத்திருந்தார். விசா கிடைத்த கிழமை, அவரோடு நான் வீடியோவில் பேசும்போது, "அண்ணை வெள்ளைக்காரியின்ர கையைப் பிடிச்சு ஆடுறார் அக்கா" என்று பகிடியாகச் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் அங்க என்னத்துக்கு? அவளோடயே இருக்கட்டும்."

அதோடு போனை வைத்துவிட்டார். பிறகு அண்ணையின் அழைப்புகளை அவர் எடுக்கவேயில்லை. அண்ணை என்னை ஏசவுமில்லை. "நீ பொய் சொல்லேல்லையே" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓரிடத்தில் பிழை விட்டால் அடுத்த இடத்துக்குப் போவது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். மெல்பேணுக்கு பஸ் டிக்கெட் எடுத்தேன். ஆனால் போவதற்கு முந்திய வியாழன், என் போனில் அக்காவை வீடியோவில் அழைத்து, அதை அண்ணையின் ஆட்டத்துக்கு நேரே பிடித்தேன்.

"உந்தக் கிழவியோடயோ?"

"ஓம் அக்கா. இடுப்பில ஒப்பரேசன் செய்தவ."

அவர் சிரிக்கவில்லை. "ஏன் இவர் கடைசியில போய் நிக்கிறார்?"

"எல்லாரும் முன்னுக்கு வந்தாப் பிறகுதான் திரும்ப இவரின்ர முறை."



"நானும் உப்பிடித்தானே தம்பி இவ்வளவு காலமும் நிண்டனான்" என்றார். "போனை அவரிட்டக் குடு."

அக்கா வந்து மூன்று வருடமாகிறது. வியாழக்கிழமைகளில் இருவரும் சோடியாக ஆடுகிறார்கள். நான் மெல்பேண், மில்டூரா, திரும்ப மெல்பேண் என்று ஊர் மாறிக்கொண்டிருந்தேன். போன கிழமையும் அக்கா போன் எடுத்தார்.

"இஞ்ச ஓராள் குறையுது. எப்ப வாறாய்?"

"வாறன் அக்கா" என்றேன். அப்போது நான் அடிலெய்ட் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.