இரண்டாம் சரணத்தில் யார்?

மட்டாஞ்சேரியில் ஷிபுவை எல்லோருக்கும் கொசு மருந்து அடிக்கிறவனாகத்தான் தெரியும். கார்ப்பரேஷனில் தினக்கூலி. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு இறங்கினால் ஓடை ஓடையாகத் தெளித்துக்கொண்டே மதியத்துக்குள் படகு ஜெட்டி வரை போய்விடுவான். அம்மா வீரலட்சுமி அதே கார்ப்பரேஷனில் தெரு பெருக்குகிறவள். அப்பா சங்கிலிப்பாண்டி இறந்த பிறகு கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸ் வீடு அம்மா பேருக்கு மாறியது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஷிபுவுக்கு எழுதப் படிக்க மலையாளம்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு ஆள். பஜார் ரோட்டில் ஷாஜியின் அப்பாவுக்கு ஒரு மிளகு குடோன் இருந்தது. லீவு நாளில் மூட்டைகளுக்கு நடுவே ஷாஜி டிரம்ஸை விரித்துவைப்பான். பாலஸ் ரோட்டிலிருந்து விஸ்வநாத் கிட்டாரோடு வருவான். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். தொண்ணூற்றேழில் விஸ்வநாத் எங்கிருந்தோ ஒரு பழைய பேஸ் கிட்டாரை வாங்கி வந்து, "உன் விரல்தான் நீளமாக்கும், நீயே பிடி" என்று ஷிபுவின் கையில் கொடுத்தான். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும். ஷிபு வாசிப்பது காதில் விழுவதைவிட அவன் வயிற்றில்தான் அதிகம் விழும். அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. குழுவுக்கு 'லோ டைட்', அதாவது கடல் வற்றும் நேரம், என்று பெயர் வைத்தார்கள். கல்லூரி விழாக்களில் வாசித்தார்கள். சில இடங்களில் கைதட்டினார்கள், சில இடங்களில் சினிமாப் பாட்டு பாடச் சொன்னார்கள்.

இரண்டாயிரத்து நாலில் விஸ்வநாத் ஒரு பாட்டு எழுதினான். பெயர் 'வேலியேற்றம்'. கடல் ஏறி வந்து வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதைப் பற்றி. மலையாளத்தில் எழுதியிருந்தான். விஸ்வநாத்தின் வீட்டுக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. ஷிபுவின் குவார்ட்டர்ஸில் வருஷத்துக்கு நாலு தடவை கட்டில் காலுக்குச் செங்கல் வைக்க வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் தேவராவில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு நாள் பதிவு செய்தார்கள். ஷிபு லீவு சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடி அறைக்குள் தனியாக உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஆறு தடவை வாசிக்க வைத்தார்கள். ஆறாவது முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கட்டை விரலைத் தூக்கினார். முடிந்தது. மிக்ஸிங்குக்காக விஸ்வநாத் எல்லாவற்றையும் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கே முத்துராமலிங்கம் என்று ஒரு என்ஜினீயர். பெரிய கை என்று சொன்னார்கள்.

அப்புறம் நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் ஒருநாள், ஓடையோரம் வேலையில் இருந்தவனைத் தேடி வந்து விஸ்வநாத் ஒரு சி.டி.யைக் கொடுத்தான். நீல அட்டை. பின்பக்கம் மூன்று பெயர்கள். 'பேஸ்: ஷிபு' என்று இருந்தது. கையில் மருந்து நாற்றம் என்பதால் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டில் சி.டி. பிளேயர் கிடையாது. பக்கத்து வீட்டுக் காளி அக்காவிடம் இருந்தது. அம்மாவும் கூட வந்து உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது.

"இதுல நீ எங்கடா?" என்றாள் அம்மா.

"அடியில டும் டும்னு போகுது பாரும்மா. அது நான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கற மாதிரி இருக்காது. எடுத்துட்டா தெரியும்."

காளி அக்கா சிரித்தாள். "இது என்னடா கூத்து, இருக்கும்போது தெரியாது, இல்லாட்டாத்தான் தெரியுமா!"

ஷிபுவும் சிரிக்கப் போனான். அதற்குள் இரண்டாம் சரணம் வந்தது. அங்கே பேஸ் கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தது. நீளமான, சோம்பலான இழுப்பு. அழகாக இருந்தது. ஆனால் ஷிபு தன் ஜென்மத்தில் அப்படி ஒன்றை வாசித்ததில்லை.

மறுபடி போட்டுக் கேட்டான். மூன்றாம் தடவை காளி அக்கா மீன் கழுவ எழுந்து போய்விட்டாள். ஆறு தடவை வாசித்தோமே, ஏதோ ஒன்றில் கை வழுக்கியிருக்குமோ? வழுக்கினால் இத்தனை சுத்தமாகவா வரும்? முதல் சரணம் அவனுடையதுபோல இருந்தது. போல என்றுதான் சொல்ல முடிந்தது. தன்னுடைய வாசிப்பை வெளியிலிருந்து அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை.

மறுநாள் விஸ்வநாத்திடம் கேட்டான்.

"அதொண்ணும் இல்லடா. மிக்ஸிங்ல அங்கயும் இங்கயும் சரி பண்ணியிருப்பா. கவர்ல உன் பேர்தானே இருக்கு?"

"பேரு இருக்கு. வாசிச்சது நான்தானான்னு கேக்கறேன்."

"பின்னே யாரு?" என்று சொல்லிவிட்டு விஸ்வநாத் போஸ்டர் விஷயத்துக்குப் போய்விட்டான்.

ஷாஜி வேறு மாதிரி சொன்னான். சென்னையில் வெங்கிட்டு என்று ஒருவன் சினிமாவுக்கெல்லாம் பேஸ் வாசிப்பவனாம், அவனைக் கூப்பிட்டதாகக் காதில் விழுந்ததாம். யார் சொன்னது என்று கேட்டால் ஞாபகமில்லை. "அதை விடுடா. சி.டி. வெளியீட்டுக்கு ஒரு வாரம்தானே இருக்கு" என்றான்.

வெளியீடு ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹாலில். சி.டி.யில் இருக்கிறபடியே மேடையிலும் வர வேண்டும் என்று விஸ்வநாத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆகையால் ஷிபு அந்த இழுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐந்து நாள் சாயங்காலம் காளி அக்கா வீட்டில் உட்கார்ந்து, பாட்டை நிறுத்தி நிறுத்தி, விரல் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று பிடித்தான். தன் பெயர் போட்ட பாட்டைத் தானே காப்பியடிக்கிறோம் என்று நினைத்தபோது யார்மேல் கோபப்படுவதென்றே புரியவில்லை.

அன்று ஹாலில் நூறு பேர் இருந்தார்கள். இரண்டாம் சரணத்தில் அவன் இழுத்தபோது முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். முடிந்ததும் திருப்பூணித்துறையிலிருந்து வந்த ஒரு வாத்தியக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சேட்டா, அந்த இழுப்புதான் பாட்டே." ஷிபு தேங்க்ஸ் சொன்னான். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கைகுலுக்கல் யாருக்குச் சேர வேண்டியது என்று யோசித்துக்கொண்டே வந்தான். திருடியதாக நினைக்கவும் முடியவில்லை, பறிகொடுத்ததாக நினைக்கவும் முடியவில்லை.

பாட்டு டி.வி.யில் இரண்டு மாதம் ஓடியது. எஃப்.எம்.மிலும் வந்தது. ஷிபு கடைசியில் சி.டி.யின் உள் அட்டையில் இருந்த நம்பருக்கு பூத்திலிருந்து போன் போட்டான். முத்துராமலிங்கம் அன்பாகத்தான் பேசினார்.

"கொச்சி பாட்டா? நீல அட்டை... ஆமாங்க தம்பி. உங்க டிராக்ல சில இடத்துல கரகரன்னு ஒரு சத்தம் இருந்துச்சு. வெங்கிட்டுவ வரச்சொல்லி முழுசா ஒருதரம் வாசிக்கச் சொன்னேன். அப்புறம் ரெண்டையும் வச்சு வெட்டி ஒட்டினேன்."

"எந்த இடம் சார் நான்?"

"அது எப்படி தம்பி சொல்றது? நல்லா இருந்தத எடுத்துக்கிட்டேன். அந்த ஹார்ட் டிஸ்க் போன மாசம் போயிடுச்சு. நீங்களும் நல்லாத்தான் வாசிச்சிருந்தீங்க."

நேராக பாலஸ் ரோட்டில் விஸ்வநாத் வீட்டுக்கு நடந்தான். அந்த வீட்டு ஓடைக்கு மாதம் இரண்டு தடவை மருந்து அடிக்கிறவன்தான், அன்று டப்பா இல்லாமல் வாசலில் நின்றதும் விஸ்வநாத்தின் அம்மா அனந்தலக்ஷ்மி, "இன்னிக்கு மருந்து அடிக்கற நாளா?" என்று கேட்டாள். விஸ்வநாத் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ஷிபு. "ஓடையில நிக்கறவன்கிட்ட என்ன சொல்றதுன்னு விட்டுட்டியா?"

விஸ்வநாத் முகம் சிவந்தது. "அப்படிச் சொல்லாதேடா. அந்த வாரம் எனக்கு ஜுரம். லாட்ஜிலேயே கிடந்தேன். வெங்கிட்டு வந்தது எனக்கு அப்பறம்தான் தெரியும். உன்கிட்ட சொல்ல பயந்தேன், அது நிஜம்." கட்டிலில் உட்கார்ந்தான். "இன்னொண்ணும் சொல்லறேன் கேளு. கடைசில ஒரு கிட்டார் வரதே, அது என் கை மாதிரியே இல்லை. அவர்கிட்ட கேக்கலை. கேட்டா ஆமான்னுடுவாரோன்னு பயம்."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஷிபுவிடம் இருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் பாட்டை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்கள். "இது நீதான்" என்றான் விஸ்வநாத் ஓரிடத்தில். "எனக்கு அப்படித் தோணல" என்றான் ஷிபு. "அப்போ அது?" "தெரியல." அனந்தலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

விஸ்வநாத் பெங்களூர் போனதோடு லோ டைட் நின்றுபோயிற்று. அடுத்த பாட்டு என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நடக்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் ஷிபுவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த தையில் தேவராவில் ரஜிதாவைப் பெண் பார்க்கப் போனார்கள். "சி.டி.யில எல்லாம் வாசிச்சிருக்கான், டி.வி.யில வந்திருக்கு" என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி இரண்டாம் வாரம் ரஜிதா அந்த சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டாள். இப்போது வீட்டிலேயே பிளேயர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"இதுல எது நீங்க?"

"எனக்கே தெரியாது."

விளையாடுகிறான் என்று நினைத்தாள். "நான் கண்டுபிடிக்கறேன்" என்று மறுபடி போட்டாள். நடுவில் விரலை நீட்டி, "இதுதானே?" என்றாள்.

"அது கிட்டார்."

"இது?"

"அது டிரம்ஸ். ஷாஜி."

"அப்போ பேஸ்னா என்ன, அதச் சொல்லுங்க முதல்ல."

ஷிபு பரண்மேலிருந்து பேஸ் கிட்டாரை உறையோடு கீழே இறக்கினான். தூசியைத் துடைத்து, ஸ்ருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே வாசித்தான். முதல் சரணத்திலிருந்து தொடங்கினான். ரஜிதாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சி.டி.யை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.