நடுவுல நிக்கறவன் ஒருத்தன்தானே

சிவப்பு சிமெண்ட் தரையில் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம்... பலருக்குப் பல் கூசும். எனக்கு மயிலாப்பூர் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் கல்லூரி நண்பன் சேகரும் பி.ஏ. முடித்துவிட்டு, பேங்க் கிளார்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். தி.நகரிலிருந்து சைக்கிளை மிதித்து அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். கூடத்துத் தரைதான் எங்களுக்குக் கரும்பலகை.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது வரிசைக் கணக்கு. ராமு சோமுவைவிட உயரம், கோபு ராமுவைவிடக் குள்ளம் என்கிற ரகம். அன்று வந்தது இது: ஒருவன் வரிசையில் முன்னாலிருந்து ஏழாவது, பின்னாலிருந்து பன்னிரண்டாவது. மொத்தம் எத்தனை பேர்? தரையில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்து, பத்தொன்பது என்றான் சேகர். நானும் அதையேதான் சொன்னேன்.

தரை துடைக்க ஈரத்துணியோடு வந்த அவன் தங்கை வசந்தா, நின்று பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அவனை ரெண்டு தடவை எண்ணிட்டேள். நடுவுல நிக்கறவன் ஒருத்தன்தானே?"

குனிந்து ஒரு கோட்டை அழித்தாள். பதினெட்டு.

"இன்னாடா சேகர், பேசாம உன் தங்கச்சியை எழுத அனுப்பிட்டு, நாம சமையல் கத்துக்கலாம்" என்றேன்.

"நீ சமைச்சா யார்ரா திம்பா?" என்றான் அவன்.

நான் கேலிக்குச் சொன்னதை சேகர் நிஜமாகவே எடுத்துக்கொண்டான். அவளும் அந்த வருடம் டிகிரி முடித்திருந்தாள். அப்பாவிடம் மன்றாடி அவளையும் பரீட்சை எழுத வைத்தான். மூன்று பேரும் எழுதினோம். தேறியது வசந்தா மட்டும்தான்... மதுரையில் வேலை.

அவர்கள் அப்பா கோபக்காரர் இல்லை. சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மூத்தவன் ஆத்துல உக்காந்துண்டிருக்கான். மொதல்ல அவனுக்கு ஆகட்டும். அப்புறம் இவ போகட்டும்."

சேகர் கெஞ்சினான். தனக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். அவர் மகனுடைய மனம் நோகக்கூடாது என்பதிலேயே நின்றார். வசந்தா தரையில் நாங்கள் போட்ட கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேர வேண்டிய தேதி வந்து, போயிற்று.

அதன் பிறகு சேகர் படித்த படிப்பு வேறு. தான் தேறினால்தான் தங்கைக்கு வழி என்ற பயம்... தெரிந்த கணக்கும் கை நழுவியது. அடுத்த பரீட்சையிலும் தவறினான். ஒருவழியாக அவனுக்கு வேலை கிடைத்தபோது, அவள் கல்யாணமாகி பம்பாய் போயிருந்தாள்.

நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். மந்திரி முதல் மீனவர் வரை யார் யாரிடமோ கேள்வி கேட்டுத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த யாருமே, என்னையும் சேர்த்துத்தான், 'உனக்குப் போகணுமா?' என்று வசந்தாவிடம் கேட்கவில்லை.

போன மாதம் ஆழ்வார்பேட்டையில், சேகரின் ஃப்ளாட்டில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. பேச்சு மட்டும் அதே மாதிரி, அளந்து. சேகரின் பேத்தி பேங்க் பரீட்சையில் தேறி, அடுத்த வாரம் புனேயில் வேலைக்குச் சேரப் போகிறாள். வரிசைக் கணக்கெல்லாம் இன்னும் கேட்கிறார்களா என்று வசந்தா அவளிடம் விசாரித்தாள். கேட்கிறார்களாம். போனிலேயே போட்டுப் பார்த்துப் பழகினாளாம். ரொம்ப ஈஸியாம்.

வசந்தா இன்னொன்றும் கேட்டாள்.

"உங்கண்ணனுக்கு வேலை ஆயிடுத்தோ?"

"இன்னும் இல்ல, அத்தைப்பாட்டி. ஏன்?"

"ஒண்ணுமில்லேடி. சும்மா கேட்டேன்."

சேகர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழவழவென்று வெள்ளை டைல்ஸ்... சாக்பீஸ் ஒட்டாத தரை.