கருமணல் போத்தல்

எங்கள் ஆரையம்பதிப் பக்கம் பாறை என்று ஒன்று கிடையாது. தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் தண்ணீர். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளிடம் கனியங்களைச் சேகரித்து வரும்படி விஞ்ஞான ரீச்சர் சொன்னார். அதுவும் யுத்த காலத்தில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யுத்தம் நடக்கிறதென்று பரீட்சை நிற்பதில்லையே.

பாடம் எனக்கு விளங்கியிருந்தது. கனியம் என்பது ஒரே பொருள். அதற்கென்று ஒரு நிறம், ஒரு கடினம், ஒரு குணம் உண்டு. கனியங்கள் இறுகிச் சேர்ந்தால் பாறை. அரிசியும் பயறும் கனியம் என்றால், இரண்டும் சேர்ந்து வெந்து இறுகிய புக்கைதான் பாறை. தெருவோரம் கொட்டிக் கிடந்த கருங்கல் சல்லி ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போல் ஒன்று, வெளிறிய சிவப்பில் ஒன்று, மினுங்கும் காக்காப்பொன் ஒன்று என்று எல்லாம் அதற்குள் இருந்தன. எங்கள் மணலும் எங்கோ மலையாக இருந்து உதிர்ந்து வந்ததுதானாம். கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் படியும் கறுப்புக் கோடு இரும்பு கலந்த கனியமாம். பழுதான ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தைச் சொப்பிங் பையில் சுற்றி அந்தக் கோட்டில் இழுத்தேன். கறுப்புத் துகள் மயிர் முளைத்ததுபோல் ஒட்டியது. ஒரு மருந்துப் போத்தல் நிறையச் சேர்த்தேன்.

கறுப்புத் தூள், கண்ணாடிப் போத்தல், பக்கத்தில் காந்தம். ஆமிக்காரனின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன்தான் என்னைச் சைக்கிளில் மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதே அப்போது ஒரு குற்றம். பாலத்தடியில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றியில் இறங்கிப் பெண்கள் ஒரு வரிசையிலும் ஆண்கள் ஒரு வரிசையிலும் போக வேண்டும். போத்தலும் காந்தமும் இருந்த என் பை சைக்கிள் ஹாண்டிலில் தொங்கியது. சைக்கிளோடு அதுவும் ஆண்கள் வரிசைக்குப் போய்விட்டது.

போத்தலைத் தூக்கிப் பிடித்த ஆமிக்காரன் கத்தியதும் இன்னும் இருவர் ஓடிவந்தார்கள். அண்ணனின் இரண்டு கையும் மேலே போயின.

“வெலி! வெலி!” என்று கத்தினேன். சிங்களத்தில் மணலுக்குச் சொல்லும் சொல். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

அவன் வெள்ளை மணலைக் காலால் தட்டிக் காட்டினான். பிறகு போத்தலைக் காட்டினான். நான் சொன்னது அவனுக்குப் பொய்யாகத்தான் பட்டிருக்கும். ஒரு பேப்பரை விரித்துத் தூளைக் கொட்டினார்கள். நெருப்புப் பெட்டியை அண்ணனின் கையில் கொடுத்துவிட்டு மூன்று பேரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்கள்.

“தங்கச்சி, இது மண்தானே?” என்றான் அண்ணன்.

“ஓம் அண்ணா.”

வாய் சொல்லிவிட்டது. வயிறு நம்பவில்லை. ஷெல் விழுந்த கரைதானே அது? மணலோடு வேறு என்னத்தை அள்ளினேனோ? புத்தகம் எழுதியவர் எங்கள் கடற்கரையைக் கண்டாரா? முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது பற்றியது. பேப்பர் சுருண்டு எரிந்து சாம்பலானது. கருமணல் மட்டும் அப்படியே கிடந்தது.

ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் காந்தத்தை எடுத்து மணலில் வைத்துப் பார்த்து, அது ஒட்டியதும் இன்னும் சிரித்தான். போகச் சொன்னார்கள்.

பாலத்தில் அண்ணன் ஏறி மிதிக்கவில்லை, சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தான்.

“மண்ணெண்டா நெருப்பு வைச்சுப் பாத்து விட்டுட்டாங்க புள்ள. என்னை என்னத்த வைச்சுப் பாப்பாங்க?”

அதற்கடுத்து ஆமி ஊரைச் சுற்றிவளைத்தபோது ஊர் ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி இருந்தான். அவன் தலையை ஆட்டினால் இயக்கப் போராளி என்று ஆளைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அன்று தலை ஆடவில்லை, அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஆனால் அந்தச் சாக்குக்கு முன்னால் அவன் நின்ற நேரம், வேலிக்கு இப்பால் நின்று நான் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான்: அந்த நெருப்புப் பெட்டியையே திரும்பவும் அவன் கையில் கொடுக்கமாட்டார்களா?